ஆணியக்காவின் நிலைவாசல்

மலேசியா, பர்மா, ஆப்பிரிக்கா மூன்றையும் பார்த்தவன் நான். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் நின்று எத்தனை பேரைக் கேட்டாலும் இப்படிச் சொல்ல இன்னொரு ஆள் கிடைக்கமாட்டான்.

பொய்தான். நான் அதிக தூரம் போன ஊர் திருப்பதி. அதுவும் வேண்டுதல் என் மனைவியுடையது, மொட்டை மட்டும் என்னுடையது. அந்த நாடுகள்தான் என்னைப் பார்க்க வந்தன என்று சொன்னால் பாதி உண்மையாகும். நான் வேலை செய்யும் மரம் அறுக்கும் மில்லுக்கு ஒரு காலத்தில் துறைமுகத்திலிருந்து பெரிய பெரிய மரத்தடிகள் லாரியில் வந்து இறங்கும். வெட்டு முகத்தில் சிவப்புப் பெயின்டில் ஏதேதோ எழுதியிருக்கும். எனக்கும் எழுத்துக்கும் ஆகாது. மூன்றாம் வகுப்பில் என்னையும் பள்ளிக்கூடத்தையும் பிரித்து வைத்தார்கள். அதன் பிறகு இரண்டு பேருமே நன்றாக இருக்கிறோம். அதனால் மரத்தூளை மோந்து பார்த்து, இது மலேசியா, இது பர்மா என்று அடித்துவிடுவேன். பாதி நாள் தப்பாகத்தான் சொல்லியிருப்பேன். மரம் மறுத்தா பேசப்போகிறது?

அந்த மில்லில்தான் அவளும் இருந்தாள். பெயர் வேண்டாம். மில்லில் எல்லோருக்கும் அவள் ஆணியக்கா. அந்தப் பெயர் பின்னால் வந்தது. முதலில் மரத்தூள் பெருக்கி மூட்டை கட்டுகிறவளாகத்தான் வந்தாள்.

மூட்டை கட்டுவதென்றால் மற்றவர்கள் ஒரு முடிச்சுப் போடுவார்கள். அவள் இரண்டு போடுவாள். பிறகு கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, அந்த முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு மூன்றாவது ஒன்று போடுவாள். இடுப்பில் எப்போதும் ஒரு துண்டு சணல் கயிறு தொங்கும். மில் நாயைக் கட்டுவாள். தண்ணீர்க் குடத்தைத் தூணோடு கட்டுவாள். என் டிவிஎஸ் வண்டியை வேலியோடு கட்டுவாள். அதில் பெட்ரோலே இருக்காது, நானே தள்ளிக்கொண்டுதான் வந்திருப்பேன், அதை எவன் திருடப்போகிறான் என்று கேட்டால், "கட்டாதது எதுவும் நிக்காதுடா" என்பாள். அவள் அதிகம் பேசமாட்டாள். பேசினால் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியம்தான்.

ஒரு நாள் லாரியில் அடுக்கிய தடிகளின் மேல் ஏறி நின்று சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கீழே இருந்து அவள் கயிற்றை வீசி, இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னாள். சொன்னால் விடமாட்டாளே என்று கட்டினேன். மறுமுனையை லாரியின் மேல்கம்பியில் அவளே ஏறி வந்து கட்டிவிட்டுப் போனாள். சங்கிலி விட்டதும் மேல் தடி உருண்டது. தடி கீழே போனது, நான் நடுவழியில் தொங்கினேன், இலுப்பை மரத்து வௌவால் மாதிரி. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத்தான் என்னை இறக்கினார்கள். அவள் சிரிக்கவில்லை. நேராக வந்து முதலில் முடிச்சைப் பார்த்தாள், அதன் பிறகுதான் என்னைப் பார்த்தாள். இன்றைக்கு என் மனைவி நெற்றியில் இருக்கும் பொட்டு அந்தச் சணல் கயிறு கொடுத்தது. இதைச் சொன்னால் என் மனைவி, "அந்தக் கயிறு இல்லாம இருந்துருந்தா ஒரு பேஜார் தீந்துருக்கும்" என்பாள். அவளுக்கு என் மேல் அவ்வளவு பிரியம்.

பிறகு கப்பல் மரம் வருவது குறைந்தது. ஓரகடம் பக்கம் வயலெல்லாம் மாடி மாடியாக எழுந்துகொண்டிருந்த நேரம். எங்கள் முதலாளி சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு அடுக்குமாடி வரிசைக்குக் கதவு, நிலை, முட்டுக்கொடுக்கும் பலகை என்று எங்கள் மில் ஒரு வருஷத்தில் அறுக்கும் மரம் ஒரு மூலைக்குக்கூடக் காணாதாம். பெரிய கட்டடக்காரர்கள் மரம் கரைக்கு இறங்கும் முன்பே கப்பலோடு பேசி முடித்துவிடுகிறார்களாம். எங்களை மாதிரிச் சின்ன மில்லுக்கு மிச்சம் மீதிதான். இன்னொரு பக்கம், அந்த நாட்டுக் காடும் வற்றிக்கொண்டு வருகிறதாம். மரம் போன மலை மழையில் வழுக்கி ஒரு ஊர் மேலேயே உட்கார்ந்துவிட்டதாக லாரி டிரைவர் செல்போனில் ஒரு படம் காட்டினார். சேறும் கூரையும் கலந்து கிடந்தன. அந்த மலையின் மரம் எங்கள் மில்லுக்கு வந்திருக்குமோ என்று ஆணியக்கா கேட்டாள். வந்திருந்தால் இவன் மோந்து பார்த்துச் சொல்லியிருப்பான் என்று என்னைக் காட்டிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு மரத்தூள் மேல் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள்.

மில் நிற்கக்கூடாது. கட்டடக்காரர்களுக்கு இரும்பு உத்திரத்துக்கு அடியில் வைக்க, கிரேன் காலுக்கு அடியில் போட, கனமான கட்டை வேண்டும். கப்பல் மரம் கிடைக்காவிட்டால் வேறு எதுவானாலும் கெட்டியாக இருந்தால் போதும் என்றார்கள். எங்கள் ஊரில் கெட்டியாக நின்றதெல்லாம் மில்லுக்கு வர ஆரம்பித்தது. வேம்பு வந்தது, இலுப்பை வந்தது, கிணற்றுமேட்டு நாவல் வந்தது. அடித்தடி எங்களுக்கு, கிளையெல்லாம் செங்கல் சூளைக்கு. செங்கல்லும் அதே கட்டடத்துக்குத்தான் போகும். பிறகு அந்தக் கட்டடங்களுக்கு லாரி போக வழி போதவில்லை என்று சாலையை அகலப்படுத்தினார்கள். சாலையோரப் புளியமரங்கள் ஏலத்தில் போய் எங்களிடம் வந்து சேர்ந்தன. கொக்கு எச்சம் வெள்ளையாக அப்பியிருக்கும். சில தடியில் கூட்டுக் குச்சி கூட அப்படியே இருக்கும்.

கப்பல் மரத்துக்கும் நம் ஊர் மரத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. காட்டு மரத்தில் யாரும் ஆணி அடிப்பதில்லை. நம் ஊர் மரத்தில் அடிக்காத ஆணி இல்லை. டியூஷன் சென்டர் தகடு, மூலம் பவுத்திரம் தகடு, கட்சிக் கொடி, பஞ்சர் கடைக்காரர் சட்டை மாட்ட ஒன்று. மரம் வளர வளர எல்லாவற்றையும் உள்ளே விழுங்கிவிடும். வெளியே தெரியாது. ஓடுகிற ரம்பத்துக்குத்தான் தெரியும். முதல் புளியமரத்திலேயே, நாடா மாதிரி சுற்றி ஓடும் ரம்பம் ஆணியில் பட்டு அறுந்து சவுக்கு மாதிரி வீசியது. நான் அதற்கு நேர் எதிரில் மரத்தை ரம்பத்துக்குத் தள்ளும் டிராலியில் நிற்கிறவன். ஒரு பல் தெறித்து என் கன்னத்தைக் கீறிவிட்டுச் சுவரில் போய்ப் பதிந்தது. இந்த முகத்தில் கெடுவதற்கு இன்னும் இடம் இருந்ததே என்று என் மனைவி ஆச்சரியப்பட்டாள்.

அதற்குப் பிறகு, மூட்டை கட்டிக்கொண்டிருந்தவளை ஆணி பார்க்கப் போட்டார்கள், ஆணியக்கா என்ற பெயர் அப்போது வந்ததுதான். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தைத் துணியில் கட்டித் தடியின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போவாள். காந்தம் தயங்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவாள். உளியால் தோண்டி, குறடால் பிடித்து, ஆணியை இழுப்பாள். கட்டுவதையே பிழைப்பாக வைத்திருந்தவளுக்குப் பிடுங்குகிற வேலை. இதை வைத்து நான் எவ்வளவோ கேலி பண்ணியிருக்கிறேன். ஒரு தடி முழுக்கப் பார்த்து முடித்ததும் அதன் மேல் உள்ளங்கையால் தட்டி, "சுத்தம்" என்பாள். அந்தச் சொல் வந்த பிறகுதான் நான் டிராலியில் ஏறுவேன்.

ஒரு நாள் ஒரு புளியந்தடியில் அவள் பிடுங்கிய ஆணியோடு ஒரு கொத்து முடியும் வந்தது. பெண் முடி, நீளமாக. சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் ஒரே தாவலில் மரத்தூள் மூட்டைக்குப் பின்னால் இருந்தோம். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேய் பிடித்த பெண்ணைப் பூசாரி உடுக்கை அடித்து ஆடவைத்து, சாலையோரப் புளியமரத்துக்கு இழுத்துப் போவார். உச்சிமுடியை ஒரு ஆணியில் சுற்றி மரத்தில் வைத்து அறைந்து, முடியை அறுத்துவிடுவார். பேய் மரத்தோடு நின்றுவிடும், பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆணி இருக்கும் வரை அவளுக்கு ஒன்றும் இல்லை.

ஆணியக்கா மட்டும் நகரவில்லை. அந்த ஆணியைக் காகிதத்தில் மடித்தாள். மில்லுக்குப் பின்னால் நின்ற வேப்பமரத்துக்குப் போய், சுத்தியலால் அதைத் திரும்ப அறைந்துவிட்டு வந்தாள். எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"எவ பெத்த பொண்ணோ. எங்கியோ நல்லா கீறா. நாம எதுக்கு அவுத்து வுடணும்?" என்றாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் சொன்னாள், அவள் மகளுக்கும் அப்படி ஒரு ஆணி உண்டு என்று. அவள் வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போனவர். உயரத்தில் சாரம் கட்டி, அதன் மேல் பலகை போட்டிருந்தார்கள். பலகையைச் சாரத்தோடு கட்டவில்லை. அவர் காலை வைத்தார், அவ்வளவுதான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினேன்.

அப்போது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாளாம். காரியம் எல்லாம் முடிந்தும் சாப்பிடவில்லை, பேசவில்லை, அழுகை நிற்கவில்லை. செத்தவர் பெண்ணைப் பிடித்துக்கொண்டார் என்று ஊரில் சொன்னார்கள். பூசாரி வந்தார். ஏரி மதகுக்கு அந்தப் பக்கம் இருந்த புளியமரத்தில் ஆணி இறங்கியது. மறுநாள் பெண் குளித்து, தலை வாரி, நாஷ்டா சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாளாம். "அன்னிக்கி நின்னுச்சி அழுகை. அதோட அழவே இல்ல" என்றாள் ஆணியக்கா. பெண்ணைப் பிறகு காவாந்தண்டலத்தில் ஒரு நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டாள். இப்போது கர்ப்பமாக இருக்கிறாள். தினமும் பேருந்தில் அந்த மரத்தைத் தாண்டும்போது ஆணியக்கா எட்டிப் பார்த்துக்கொண்டு வருவாள். நாய் கட்டியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

மில் வேப்பமரத்தில் ஊர்ப் பெண்களின் ஆணிகள் சேர்ந்துகொண்டே போயின. ஒரு அவசர ஆர்டருக்கு மரம் குறைந்தபோது முதலாளி அந்த வேம்பையே வெட்டச் சொன்னார். அவள் எல்லா ஆணியையும் பிடுங்கி, மடியில் போட்டுக்கொண்டு போய், பேருந்து நிறுத்தத்துப் புங்கமரத்தில் அறைந்தாள். சாலை அகலமானபோது புங்கமரமும் போனது. இப்போது அந்த நிறுத்தத்தில் நிழல் என்றால் மின்கம்பத்தின் நிழல்தான். பங்குனி வெயிலில் ஜனங்கள் அந்த ஒரு சாண் நிழலில் ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையில் நிற்பார்கள். நிழல் நகர நகர வரிசையும் நகரும். குண்டாக இருக்கிறவர்கள் பாடுதான் கஷ்டம். என் மாதிரி ஒல்லிப்பிச்சானுக்குக் கடவுள் கொடுத்த ஒரே வசதி அது.

மதகுக்கு அந்தப் பக்கத்து மரம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. லாரியில் இருந்து உருட்டும்போதே அவள் பார்த்துவிட்டாள். அடியில் பஞ்சர் கடைக்காரர் பல வருஷம் தீ மூட்டிக் கருகிய பொந்து. கையில் இருந்த காந்தம் தரையில் விழுந்தது.

தடியில் இருந்த மற்ற எல்லா ஆணியையும் எடுத்தாள். பூசாரி அறைந்த இடத்து வட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, முதலாளியிடம் போனாள்.

"நைனா, இதுல ஒரு ஆணி கீது. அத்த எடுக்க மாட்டேன்."

முதலாளி கெட்டவர் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகமும் சுருங்கிவிட்டது. ஆனால் கட்டடத்தில் கிரேன் நின்றுகொண்டிருக்கிறது, அதன் காலுக்குக் கட்டை சாயங்காலம் போயாக வேண்டும், அவ்வளவு பெரிய தடி வேறு கையில் இல்லை. அந்த இடத்தை மட்டும் துண்டாக வெட்டி எடுத்துக்கொள்கிறேன் என்றாள். வட்டம் நட்ட நடுவில் இருந்தது, அங்கே வெட்டினால் கட்டைக்கு நீளம் வராது. வேண்டுமானால் வேறு ஆளை வைத்து எடுக்கிறேன், நீ வீட்டுக்குப் போ என்றார். வேறு ஆள் எடுத்தால் அந்த ஆணியை எங்கே வீசுவான் என்று யாருக்குத் தெரியும்? அதற்கும் அவள் சம்மதிக்கவில்லை.

நான் அவள் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "யக்கா, 'சுத்தம்'னு சொல்ட்டு போய்ட்டே இரு. ஆணி உள்ளயே கெடக்கட்டும். ரம்பம் பட்டா பட்டுட்டு போவுது. இந்த மூஞ்சியில இன்னொரு கீறு வுழுந்தா யாரு கேக்கப் போறா?"

என் கன்னத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என் பொண்ணு நல்லா இருக்கணும்னு உம் பொண்டாட்டி தாலிய வெச்சி வெளயாடச் சொல்றியா?" என்றாள். "போடா, உளிய எடுத்துனு வா."

அவள் கையாலேயே தோண்டினாள். மரம் ஆணியை ஒரு விரல் ஆழத்துக்கு விழுங்கியிருந்தது. ஆணியைச் சுற்றி மரம் மை கொட்டின மாதிரி கறுத்துப்போயிருந்தது. வந்த ஆணியில் முடி ஒரு இழைகூட இல்லை. தோண்டிய தூளை எல்லாம் கையில் அள்ளி ஊதி ஊதித் தேடினாள். மரம் அதையும் தின்றுவிட்டிருந்தது. ஆணியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். இன்னொரு கையால் தடியைத் தட்டினாள். "சுத்தம்" என்ற சொல் வர நேரம் ஆனது. நான் ஏறி நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வழுவழுப்பாக அறுபட்ட மரத்தை நான் பார்த்ததில்லை.

அறுத்து முடித்ததும், பொழுது சாய்வதற்குள் ஒரு மரம் பார்க்க வேண்டும் என்றாள். டிவிஎஸ்ஸின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு புறப்பட்டேன். அவள் ஆணியைப் பிடித்த கையைத் திறக்கவே இல்லை. மரம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்கே நிறுத்தினாலும் அவள் தலையை ஆட்டினாள். சாலையோரம் மிச்சம் இருந்ததில் எல்லாம் பட்டையைச் செதுக்கி எண் போட்டிருந்தது. வெட்டப்போகிற மரத்துக்குப் போடுகிற எண். சவுக்குத் தோப்பு வளர்ந்தால் வெட்டத்தான். தென்னை ஊரான் வீட்டுச் சொத்து, துரத்துவான். கோயில் மரத்தில் பேயை அறையக்கூடாது. ஏரிக்குள் இருக்கும் கருவேலம் கரிமூட்டத்துக்குப் போகும். ஒரு செல்போன் டவரைக் காட்டி, இதை யாரும் வெட்டமாட்டார்கள், மேலே ஏறி அறைந்துவிடட்டுமா என்று கேட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"நீ சொல்றா. எந்த மரம் நிக்கும்? ஒண்ண காட்டு, போதும்" என்றாள்.

இத்தனை வருஷம் மரத்தோடு பிழைக்கிறவன், என்னால் ஒரு மரத்தைக் காட்ட முடியவில்லை.

கடைசியில் அவள் வீட்டுக்கு விடச் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே தெருதான். கப்பல் மரம் தாராளமாக வந்த காலத்தில் முதலாளி கழித்த துண்டுகளைக் கொடுக்க, அதில் அவள் வீட்டுக்கு நிலைவாசல் செய்திருந்தாள். கறுஞ்சிவப்பு மரம், இரும்பு மாதிரி. அதன் முன்னால் போய் நின்றாள். எனக்குப் புரிந்ததும் சுத்தியலைப் பிடுங்கப் பார்த்தேன். வீட்டு வாசலில் பேயை அறைகிற பைத்தியம் உலகத்தில் உண்டா?

"வெட்டுன மரத்த எவன்டா வெட்டுவான்?" என்றாள்.

ஆணி அந்த மரத்தில் சுலபத்தில் இறங்கவில்லை. அவள் அறைந்துகொண்டே இருந்தாள். தெருவில் எல்லா வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். தலை மட்டும் வெளியே தெரியும்படி இறங்கியதும், வழக்கம்போல் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டாள். அதன் பிறகுதான் அவளுக்கே அது உறைத்திருக்க வேண்டும். சுத்தியலோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்தால் பெண்ணை அழைத்து வர வேண்டும். பெண்ணைப் பிடித்த பேய் நிற்கிற வாசலில் பெண் எப்படி நுழைவாள்?

ஆணியக்கா அழைக்கப் போகவில்லை. வீட்டில் இடம் போதவில்லை, கூரை ஒழுகுகிறது என்று சம்பந்தி வீட்டுக்கு ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பினாள். பெற்ற பெண்ணை அழைத்துப் போக மனசில்லாதவள் என்று அவர்கள் பேசினது எங்கள் தெருவரை வந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஆணி பிடுங்கப் போய்க்கொண்டிருந்தாள். பெண்ணுக்குப் பிடிக்குமே என்று முறுக்கு சுட்டு, கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு, என்னிடம் கொடுத்தனுப்புவாள். அந்தப் பெண் முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடிக்கும். அம்மா ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்கும். உங்கள் அம்மாவுக்கு என் வண்டியில் ஏறப் பயம் என்று ஏதாவது உளறிவிட்டு வருவேன்.

போன மாதம் அந்தப் பெண்ணே வந்துவிட்டது. ஷேர் ஆட்டோவில் இருந்து ஒரு பையோடு மெதுவாக இறங்கியது. முழங்கை வரை கண்ணாடி வளையல். ஆட்டோ சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். ஆணியக்கா வாசலில் நின்று, இரண்டு கையையும் நிலையின் இரண்டு பக்கமும் ஊன்றிக்கொண்டு வழியை அடைத்திருந்தாள். உள்ளே வரக்கூடாது, எதிர் வீட்டில் உட்கார், நான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெண் ஏன் ஏன் என்று கேட்டது. கேட்டுக் கேட்டு, கடைசியில் அவள் எல்லாவற்றையும் சொல்லும்படி ஆனது. மரம் வந்தது, ஆணி எடுத்தது, ஊரெல்லாம் மரம் தேடியது.

பெண் நிலையில் இருந்த ஆணித் தலையைப் பார்த்தது. பிறகு விரலால் தொட்டது. ஆணியக்கா பதறிப்போய்க் கையைத் தட்டிவிட்டாள்.

"யம்மா," என்றது பெண். "எனக்கு அப்போ பேயே புடிக்கல. அப்பா செத்துட்டாருன்னு அழுதுகினு இருந்தேன். அவ்ளோதான்."

"அப்புறம் எப்டிடி நின்னுச்சி? ஆணி அடிச்ச மறுநாளே நின்னுச்சே."

"எங்க நின்னுச்சி? நீ தூங்குனப்புறம் அழுவேன், வாயில துணிய வெச்சினு. பாத்தீன்னா திரும்பவும் மரத்துக்கு இட்டுனு போய்டுவியேன்னு."

ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டார். ஆணியக்கா மகளின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு வருஷமும் பேருந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தது வெறும் ஒரு மரத்தைத்தான் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது. நிலையில் ஊன்றியிருந்த வலது கை மெதுவாகக் கீழே இறங்கியது. பெண் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு படி ஏறியது. இடது கை மட்டும் அந்த ஆணிக்குப் பக்கத்திலேயே, விடவும் முடியாமல், பிடிக்கவும் முடியாமல் இன்னும்...

"யோவ், எங்கய்யா போய்த் தொலஞ்ச? மரம் வந்து நிக்கிது, ஆணி பாக்க ஆள் இல்ல. ரம்பத்த ஓட்டிடப் போறானுங்க, ஓடியா."

முதலாளிதான் கூப்பிடுகிறார். இருங்கள், போக வேண்டும். பெண்ணைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறாள், இப்போது வேலைக்கு வருவதில்லை, அந்தக் காந்தம் என் கையில் இருக்கிறது. அவள் அளவுக்கு எனக்கு வராது. டிராலியில் இப்போது ஒரு பீகார்காரர் நிற்கிறார். அவருக்கு ஊரில் ஒரு பெண் குழந்தையாம்.